காலித் தட்டுகள் ஓடிய ஆலை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு பிரிவுபசார விழா. பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்த இளசுகள் சோற்றில் கை வைக்காமல் கைப்பேசியை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். உலகப் பொருளாதாரத்தில் நாம் நான்காவதா, ஐந்தாவதா? ஜப்பானைத் தாண்டிவிட்டோமா, இன்னும் இல்லையா? ஒருவன் தாண்டியாச்சு என்கிறான். ஒருத்தி, அது வேறு கணக்கு என்கிறாள். கேட்டுக் கேட்டு எனக்கு ரசம் ஆறிவிட்டது. "எண்ணினவளை எதிர்ல உக்கார வச்சுக்கிட்டு எண்ணிக்கையைப் பத்தி என்ன சண்டை? என்னைக் கேளுங்களேன்" என்றேன். கேட்டார்கள். பந்தியில் சொல்லி முடிகிற சமாசாரமா அது? எழுதித் தாருங்கள், சங்க மலரில் போடுகிறோம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். வாய் நீளமானவளிடம் பேனாவையும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

நான் ரூத். ஸ்ரீபெரும்புதூர்க்காரி. புள்ளிவிவர அலுவலகம் ஒன்றில் கள ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, ஆய்வாளர் ஆனேன். பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில், டவுன் பஸ், கேட்டில் கட்டிப்போடாத நாய், "ஓனர் ஊர்ல இல்ல" என்கிற வாட்ச்மேன். இந்த நாலையும் சமாளித்தால் ஆய்வாளர்.

வேலை இதுதான். ஒவ்வொரு ஆலையாகப் போய், உள்ளே என்ன போனது, வெளியே என்ன வந்தது என்று கேட்டு எழுதுவது. இட்லிக்கடையில் அரிசி, உளுந்து, விறகு விலையைக் கழித்துவிட்டு இட்லி விற்ற காசில் மிஞ்சுவது எதுவோ, அதுதான் அந்தக் கடை நாட்டுக்குச் சேர்த்தது. எல்லா ஆலையும் எல்லா வயலும் எல்லாக் கடையும் சேர்த்ததைக் கூட்டினால் நாட்டின் அளவு. அதை டாலரில் மாற்றி மற்ற நாடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நாலாவதா ஐந்தாவதா என்கிற பேச்சு. அந்தப் பேச்சு எல்லாம் பெரிய இடத்தில். அடியில் குனிந்து எண்ணுகிறவள் நான்.

எங்களுக்குச் சூப்பிரண்டாக இருந்தவர் வரதராஜன். அவர் அறிக்கை கேட்கும்போது உட்கார மாட்டார். நாம் உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவர் ஜன்னலோரம் நின்று கேட்பார். எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "கண்ணாலயா, காதாலயா?" கண்ணால் பார்த்தேன் என்றால் தலையாட்டுவார். மேனேஜர் சொன்னார், காதால் கேட்டேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. கோப்பை ஒற்றை விரலால் நம் பக்கம் தள்ளுவார். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். ஒரு அரிசி ஆலையின் பாய்லரைப் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று கொட்டும் மழையில் என்னை மறுபடி ஒரகடத்துக்கு அனுப்பினார். அவரை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட எண்ணை நம்புவேன்.

அவர் அறைச் சுவரில் ஒரு வேடிக்கை இருந்தது. கலர்க் காகிதத்தை நாடா நாடாவாகக் கத்தரித்து, நாட்டுக்கு ஒன்றாக ஒட்டியிருந்தார். அமெரிக்காவின் நாடா சுவர் மூலைக்குப் போய்த் திரும்பி அடுத்த சுவரிலும் ஓடும். அடுத்தது ஜப்பான். இரண்டு ஜெர்மனியும் ஒன்றானபோது இரண்டு துண்டுகளைப் பசை போட்டுச் சேர்த்தார். சோவியத் நாட்டுக்கு மட்டும் காகிதம் இல்லை, பென்சிலால் விட்டுவிட்டு ஒரு கோடு. ஏன் என்று கேட்டேன். "அவங்க சொல்ற நம்பரைக் கண்ணால பாத்தவங்க யாரும் கிடையாதும்மா" என்றார். அந்த வருஷம் முடிவதற்குள் அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. நம் நாட்டின் நாடா கீழே, பச்சை நிறத்தில், ஒரு முழத்துக்கும் குறைவாக இருக்கும்.

1991ஆம் வருஷத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மே மாதம் எங்கள் ஊரில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பல நாள் பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கண்டக்டர்கூட மெதுவாகத்தான் ஊர்ப் பெயரைச் சொன்னார். ஜூலை பிறந்ததும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு தடவை குறைத்து, மூச்சு விடுவதற்குள் இன்னொரு தடவை. அன்று மத்தியானம் ஒரு கையெழுத்துக்காக வரதராஜன் சார் அறைக்குப் போனேன். கத்தரிக்கோலோடு சுவர்ப் பக்கம் குனிந்திருந்தார். பச்சை நாடாவின் நுனியில் அளவு வைத்துப் பார்த்து, ஒரு துண்டைக் கத்தரித்தார். கீழே விழுந்ததை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

நாட்டில் ஒரு படி நெல் குறையவில்லை, ஒரு தறி நிற்கவில்லை. வெளியே வந்து டீ குடித்தேன். அதே டீ, அதே கிளாஸ். ஆனாலும் நாங்கள் எல்லோரும் நேற்றைவிடச் சின்னதாகிவிட்டோம் என்று தோன்றியது. முதுகு சில்லிட்டது. ஆனி மாதத்து மத்தியான வெயிலில் அப்படி ஆனது எனக்கு அது ஒரு தடவைதான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு உத்தரவு வந்தது. வெளிநாட்டுப் பாகம் வாங்க டாலர் இல்லை. இருக்கிற கொஞ்சத்தை இயங்கும் ஆலைகளுக்கு மட்டும் கொடுப்பார்கள். ஆகவே எது இயங்குகிறது, எது மூடிக் கிடக்கிறது என்று நேரில் பார்த்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். மூடிய ஆலை என்று எழுதப்பட்டால் அதற்கு இறக்குமதி உரிமம் போய்விடும். உரிமம் போனால் பாகம் வராது, பாகம் வராவிட்டால் அப்புறம் திறப்பது எங்கே? ஒரு சொல்லை எழுதி ஓர் ஆலையைக் கொன்றுவிடலாம் என்பதை அப்போதுதான் கண்டேன்.

என் பங்கில் சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு டேப் ரெக்கார்டர் ஆலை இருந்தது. பெயர் வேண்டாம். மோட்டாரும், நாடாவைப் படிக்கிற ஹெட்டும் ஜப்பானிலிருந்து வரும், இங்கே பெண்கள் பொருத்துவார்கள். பொங்கலுக்கு முன்பிருந்தே அவர்களுக்குப் பாகம் வரவில்லை என்று டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்கள். பூட்டிக் கிடக்கும், பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். கிட்டப் போனால் உள்ளே பெல்ட் ஓடும் சத்தம். வாசலில் கம்பெனி பஸ். மேனேஜர் ஓடி வந்து வரவேற்றார். "ரன்னிங்தான் மேடம். ஒரு நாள்கூட நிறுத்தல. நீங்களே பாருங்க" என்றார்.

நீளமான கூடம். இரண்டு லைன். ஒவ்வொன்றிலும் நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, நடுவில் பெல்ட்டில் பிளாஸ்டிக் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. ஒரு பெண் பக்கத்து டப்பாவில் இரண்டு விரலை விட்டு எதையோ எடுத்தாள், தட்டில் வைத்தாள், ஸ்குரூ டிரைவரைச் சுற்றி இறக்கினாள், தட்டைத் தள்ளினாள். அடுத்தவள் ஒயரை வைத்துப் பற்றவைத்தாள். மிகச் சின்ன பாகம் போலிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். டப்பா காலி. தட்டும் காலி. விரல்களுக்கு நடுவிலும் ஒன்றுமில்லை.

கூடம் முழுக்க அப்படித்தான். ஒரு கை தவறாமல், ஒரு முறை தடுமாறாமல், அத்தனை பேரும் இல்லாத ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பற்றவைக்கும் இரும்பு மட்டும் சூடாக இருந்தது, ஈயம் இல்லாமல் வெறும் புகை நெடி. கர்த்தரே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

முதல் லைனின் லீடர் ஒரு பெண், கோகிலா. வடக்குப்பட்டுக்காரி, இருபத்து நாலு இருபத்தைந்து வயது இருக்கும். அவள்தான் எழுந்து வந்தாள்.

"இன்னா மேடம், பயந்துட்டீங்களா?"

"என்னம்மா பண்றீங்க எல்லாரும்?"

"வேலைதான் மேடம். பார்ட்ஸ் வர்ல. மொதல் ஒரு வாரம் சும்மா ஒக்காந்துக்கினு இருந்தோம். சும்மா ஒக்காந்தா இன்னா ஆவும்? ஒருத்தி அழுதா லைன் பூரா அழுவுது. நான்தான் மேனேஜர் கைல சொன்னேன். பெல்ட்டெ ஓட வுடுங்க சார், கையாவது மறக்காம இருக்கும்னு."

லைனின் கடைசியில் டெஸ்டிங் மேஜை. அங்கே சகாயமேரி என்ற பெண் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலித் தட்டு வந்து நின்றதும் கண்ணை மூடிக் கேட்பாள், பிறகு பச்சை ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காலித் தட்டை நிறுத்தி, நெற்றியைச் சுருக்கி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டாள்.

"அதுல ஒண்ணுமே இல்லையேம்மா. எப்படி ரிஜெக்ட் பண்ணினே?"

"எல்லாத்தையும் பாஸ் பண்ணா டெஸ்டிங் எதுக்கு மேடம்?"

"ஹெட்போன்ல என்ன கேக்குது?"

"கேக்குது மேடம்" என்றாள். ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். எனக்கு வேண்டாம், கண்ணால் பார்த்ததே போதும் என்றேன். பயம்தான், வேறென்ன.

மேஜைக்குப் பக்கத்தில் தட்டுகளை எண்ணும் கருவி ஒன்று. தட்டு வந்து தட்டினால் எண் ஒன்று ஏறும். உள்ளே பொருள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாதே. சாயங்காலம் சூப்பர்வைசர் பழக்க தோஷத்தில் அந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டுப் போவார். மேனேஜர் அந்தப் பலகையைக் காட்டி, "இதான் மேடம் புரொடக்‌ஷன், எழுதிக்குங்க" என்றார். பொய் சொல்கிற முகமாகவும் இல்லை. அவரே பாதி நம்பிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. அதுதான் எனக்குப் பொய்யைவிடக் கலக்கமாக இருந்தது.

சரக்கைக் காட்டுங்கள் என்றேன். கிடங்கைத் திறந்தார். தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். டேப் ஒட்டி, கண்ணாடிக் கிளாஸ் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, ஒழுங்காக அடுக்கியிருந்தது. கனமாக இருக்குமே என்று கால் ஊன்றி, மூச்சுப் பிடித்து ஒன்றைத் தூக்கினேன். பெட்டி என் தலைக்கு மேல் போய்விட்டது. பேக்கிங் பெண்களும் வேலையை விடவில்லை, வெறும் பெட்டிகளைக் கட்டி அடுக்கியிருந்தார்கள்.

திரும்பும்போது கோகிலா கேட் வரை கூடவே வந்தாள். பட்டியல் விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"மூடிட்டாங்கன்னு எழுதிடுவீங்களா மேடம்?"

"பாத்ததை எழுதணும்மா."

"இது எங்க நெலம் மேடம். நீங்க நிக்கிற எடத்துல நெல்லு. சகாயமேரி டேபிளு கீதே, அதுக்கு அடில எங்க கெணறு. மூடி காங்கிரீட்டு போட்டுட்டாங்க. நெலத்துக்குக் குடுத்த துட்டு அக்கா கல்யாணத்தோட போச்சு. வூட்டுக்கு ஒரு வேலைன்னாங்க. அந்த ஒரு வேலை நான்தான். இதுவும் மூடினா எங்கப்பன் எதெப் பாத்துக்கினு ஒக்காருவாரு சொல்லுங்க. நெலமும் இல்ல, வேலையும் இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியாவது இருப்பேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

மறுநாள் வரதராஜன் சார் ஜன்னலோரம் நின்றார், நான் உட்கார்ந்து சொன்னேன். "கண்ணாலயா?" என்று கேட்டார். கண்ணால் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அதை நம்பவில்லை. "நான் வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

கூடத்துக்குள் அவர் ஒரு மேஜை விடாமல் நின்று பார்த்தார். ஒவ்வொரு கையையும் பார்த்தார். டெஸ்டிங் மேஜைக்கு வந்தபோது சகாயமேரி ஹெட்போனை நீட்டினாள். அவர் வாங்கி மாட்டிக்கொண்டார். காலித் தட்டு வந்து நின்றது. வெகு நேரம் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ரத்தம் குறைவதைப் பார்த்தேன். பிறகு கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு, யாரைப் பார்த்துக் கேட்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி, "இங்க பம்பு செட்டு ஏதாவது ஓடுதா? தண்ணி எறைக்கிற சத்தம்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், கிணற்றைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை. கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சகாயமேரி அந்தத் தட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது, நான் கேட்காமலே, "டிரான்ஸ்பார்மர் இரைச்சலா இருக்கும்மா. ஹெட்போன்ல அப்படிக் கேக்கும்" என்றார். சரி சார் என்றேன். எங்கள் இரண்டு பேருக்குமே அது போதவில்லை.

அலுவலகம் வந்ததும் அவர் சுவர் நாடாக்களுக்கு எதிரே நின்றார். "இதுல எத்தனை பெட்டி காலியோ" என்றார். அமெரிக்காவையும் ஜப்பானையும் பார்த்துச் சொன்னாரா, பச்சையைப் பார்த்துச் சொன்னாரா, தெரியாது. அன்றிலிருந்து எந்த நாடு எத்தனையாவது என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்க்கத்தான் கை வருகிறது.

இனி அலுவலக விதிக்கு வருகிறேன். பலகை எண்ணை எழுத முடியாது, அது புளுகு. மூடிய ஆலை என்றும் அவர் எழுதச் சம்மதிக்கவில்லை. "அத்தனை பேர் வேலை செய்றதைப் பாத்தேனே. கண்ணால பாத்ததை இல்லைன்னு எப்படி எழுதறது?" விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இயங்கும் ஆலை என்று காட்ட, அந்தக் கணக்காண்டில், அதாவது ஏப்ரலுக்குப் பிறகு, ஒரு பொருளாவது உற்பத்தியாகி, ஆலையின் சோதனையில் தேறியிருக்க வேண்டும். பட்டியல் வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

"ஒண்ணு போதுமா சார்?" என்றேன்.

"ஒண்ணும் உற்பத்திதான். பாகம் பழசா புதுசான்னு விதி கேக்கல. சேத்தாங்களா, தேறுச்சா, அவ்வளவுதான்."

அவர் விதியை வளைத்தார் என்று பின்னால் சிலர் பேசினார்கள். அவர் வளைக்கவில்லை. அதைக் கடைசி எழுத்துவரை படித்தார், மற்றவர்கள் படிக்கவில்லை.

விதி இன்னதென்று ஆலைக்குச் சொல்லி அனுப்பினோம். வியாழக்கிழமை காலை நாங்கள் போனபோது கோகிலா ஆட்களோடு ரிஜெக்ட் கிடங்கைக் கொட்டிக் கவிழ்த்திருந்தாள். பழைய வருஷங்களில் கழித்துப் போட்டவை. ஒன்றில் மோட்டார் ஓடியது, ஹெட் இல்லை. ஒன்றில் ஹெட் நன்றாக இருந்தது, மூடி உடைந்திருந்தது. பொறுக்கிப் பொறுக்கி ஒரு டேப் ரெக்கார்டருக்கு வேண்டிய பாகம் சேர்ந்தது. ஒன்றுக்குத்தான். அதைப் பிரித்து ஒவ்வொரு மேஜை டப்பாவிலும் ஒவ்வொரு பாகமாகப் போட்டார்கள். பெல்ட் ஓடியது. முன்னால் காலித் தட்டுகள், பின்னால் காலித் தட்டுகள், நடுவில் அந்த ஒன்று.

நான் ஒன்றைக் கவனித்தேன். பாகம் உள்ள தட்டு தன் முன்னால் வரும்போது ஒவ்வொருத்தியின் கையும் ஒரு கணம் தயங்கியது. எடை கையில் படுவது அவர்களுக்குப் புதிதாகிவிட்டது. ஒரு பெண் மோட்டாரை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

தட்டு சகாயமேரியிடம் வந்து நின்றது. சோதனைக்கு ஒரு நாதஸ்வரக் கேசட் வைத்திருந்தார்கள். நாதஸ்வரத்தில் ஒரே சுரத்தை நீளமாக நிறுத்தி ஊதுவார்கள் அல்லவா, மோட்டார் துளி தடுமாறினாலும் அதில் தெரிந்துவிடும். அவள் பொத்தானை அழுத்திக் கண்ணை மூடினாள். இரண்டு லைனும் நின்றது. மேனேஜர் நகத்தைக் கடித்தார். இத்தனை வீட்டின் சோறு அவள் காதில் இருந்தது.

அவள் கண்ணைத் திறந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினாள்.

"அலையுது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை ஓர் அறை விட்டிருப்பேன். மேனேஜர், "அடிப்பாவி, பாஸ்னு சொல்லேன்" என்று கெஞ்சினார். நான் வரதராஜன் சாரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, தேறியதா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான்.

கோகிலா வந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டாள். இவளாவது நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். "அவ சொன்னா சரியாதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து உள்ளேயிருந்த சின்ன ரப்பர் பெல்ட்டைக் கழற்றினாள். மோட்டாரை இறக்கினாள், துடைத்தாள், மறுபடி மாட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் செய்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு கை வேகத்தை நான் எந்த ஆலையிலும் பார்த்ததில்லை. தட்டு மறுபடி லைனில் ஏறி வந்தது. சகாயமேரி கேட்டாள். முதல் தடவையைவிட நீளமாகக் கேட்டாள். பச்சை ஒட்டினாள்.

யாரும் கை தட்டவில்லை. சில பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். கோகிலா என் கையைப் பிடித்து அழுத்தினாள், வலித்தது. வரதராஜன் சார் பேனாவைத் திறந்து உற்பத்தி என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினார். நிலை என்ற இடத்தில், இயங்குகிறது.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், அவர் எழுதினார். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் எழுதினார். உரிமம் போகவில்லை. அடுத்த வருஷம் டாலர் தட்டுப்பாடு கொஞ்சம் விலகியதும் ஜப்பானிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கின. கனமான பெட்டிகள்.

அதற்கும் அடுத்த வருஷக் கணக்கெடுப்புக்குப் போனேன். ஆசையாகத்தான் போனேன், மறைப்பானேன். கூடத்தில் ஒரு லைன்தான் இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் சரக்கு அடுக்கியிருந்தார்கள். மேனேஜர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார், எனக்குக் காபியும் பிஸ்கட்டும் வந்தது.

"முன்ன ரெண்டு லைன்ல செஞ்சதை இப்ப ஒரே லைன்ல எடுக்கறோம் மேடம். காலித் தட்டுல பழகின கை, பறக்குது. அவ்வளவு ஆளு எதுக்கு? பாதியை அனுப்பிட்டோம்."

"கோகிலா?"

"நல்ல பொண்ணுதான். ஆனா ஒரு லைனுக்கு ரெண்டு லீடர் எதுக்கு மேடம்? இன்னொருத்தி சீனியர்."

எண்களை வாங்கிக்கொண்டேன். சரக்கைப் பார்த்தேன், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் உண்மை. அந்த ஆலை அவ்வளவு உற்பத்தி அதற்கு முன் காட்டியதே இல்லை. ஆள் குறைவு, பொருள் அதிகம். நாட்டை மேலே ஏற்றுவது அந்த மாதிரி ஆலைதான் என்று எந்தப் புத்தகமும் சொல்லும்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் கோகிலாவைப் பார்த்தேன். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நல்ல உச்சி வெயில். காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம், கேட்கப் போகிறாளாம். பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் லேசில் அழுகிறவள் இல்லை, அன்று அழுதேன். லைனை ஓட விடச் சொன்னவளே அவள்தானே என்ற நினைப்புத் தாங்கவில்லை. அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"வுடுங்க மேடம். கம்பெனி ஓடுதில்ல? ஓடுதுன்னு எழுதிக்கினீங்களா?"

"எழுதினேம்மா."

"எத்தனை பேர் வேலை செய்றாங்கன்னும் எழுதுவீங்கதானே. அதுல என்னெ சேத்தீங்களா?"

"எப்படிம்மா சேக்கறது? நீ அங்க இல்லையே."

அவள் மடியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளுடைய இரண்டு விரல்கள் பக்கவாட்டில் போய் எதையோ எடுத்தன, மடியில் வைத்தன, சுற்றி இறக்கின, தள்ளின. மறுபடி பக்கவாட்டில் போயின. நான் அவள் கையைப் பிடித்தேன். என் கைக்குள்ளும் அது நிற்கவில்லை.

"செஞ்சிக்கினுதானே கீறேன் மேடம்" என்றாள்.